ஐந்தாம் மதகு

வடகாலூர்
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அமுதினியும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேட்டூர்த் தண்ணீர் போன வாரம்தான் நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. அம்மா காலை நனைத்துவிட்டு வந்து, "இன்னும் கலங்கலாத்தான் இருக்கு" என்றாள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று அத்தான் சிரிப்பார். என் நாவலின் முதல் பாகத்தைப் பற்றிப் போனில் பேசப் போய் மூன்று மாதம் நாம் பேசாமல் இருந்தோமே, அதனால்தான். நீ எழுத்தில் திட்டினால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒற்றுப் பிழை திருத்தவும் உன்னை விட்டால் ஆள் கிடையாது.

இரண்டாம் பாகத்தின் பன்னிரண்டு அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று பாகக் கதையில் நடுப்பாகம்தான் எப்போதும் தொய்யும் என்று பதிப்பாளர் பயமுறுத்துகிறார். முன்னால் ஒரு முன்கதைச் சுருக்கம் வேண்டுமாம். இது சரியா பார்:

"நெடுநீர் ஆற்றுக்கு ஏழு மதகுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலன், ஒரு வெண்கலத் திறவுகோல். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும் வரை கடலுக்கடியில் உறங்கும் உவர்ப்படை எழாது. மேல்மதகின் வேந்தன் ஆற்றைத் தனக்கே வைத்துக்கொள்ள நினைத்தான். நான்கு மதகுகள் அவன் கைக்குப் போயின. உவர்ப்படை கரையேறியது. அது கால் வைத்த வயல் வெளுத்தது. ஐந்தாம் மதகின் காவலன் ஆழியன் மட்டும் திறவுகோலோடு மறைந்துவிட்டான். அவன் இருக்குமிடம் அறிந்தவர்கள் மனைவி, மகள் செம்பி, ஒரு நண்பன்."

பாகத்தின் பெயர் 'ஐந்தாம் மதகு'. ஆழியன் யார் என்று உனக்குத் தெரியும். செம்பி யார் என்றும் தெரிந்திருக்கும். உன்னை நினைத்துத்தான் எழுதினேன்.

அன்புத் தம்பி,
பரிதி

சென்னை
19.7.2025

அன்புள்ள பரிதிக்கு,

கட்டு வந்தது. நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஆள் குறைவு, அதனால் பஸ்ஸில்தான் படித்தேன். நாற்பத்தேழு ஒற்றுப் பிழைகள். 'உவர்ப்படை' என்று ஒரு பக்கத்திலும் 'உவர் படை' என்று மறுபக்கத்திலும் போட்டிருக்கிறாய். தமிழ் வாத்தியார் செய்கிற வேலையா இது? மூன்றாம் அத்தியாயத்துச் சண்டை நீளம். ஆனால் உப்பு ஏறிய வயலில் மாடு நின்றுகொண்டே செத்துப்போகிறதே, அதைப் படித்துவிட்டு என் நிறுத்தத்தில் இறங்க மறந்துவிட்டேன்.

ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டாயே. ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடேன். படைவீரர்கள் செம்பியின் கழுத்தில் கத்தியை வைத்து அப்பன் எங்கே என்று கேட்கிறார்கள், அவள் வாயே திறக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண் அப்படி இருக்க மாட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதைப் படித்த நாளில் வேலையில் ஒரு பெரியவருக்கு ஊசியை இரண்டு தரம் குத்தும்படி ஆயிற்று.

அப்பாவை இதில் இழுக்கத்தான் வேண்டுமா? அம்மா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள்.

அந்த நண்பன் யார்? மீதியில் என்ன வருகிறது? சொல்லிவிடு. தெரியாமல் காத்திருக்க என்னால் முடியவில்லை.

அத்தான் சதீஷ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
செம்மொழி

வடகாலூர்
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டேன், ஒன்பதாம் அத்தியாயத்தைத் தவிர. அது இருக்கட்டும். இந்தப் பாகத்தில் எல்லாரும் தோற்கிறார்கள். தோற்காத ஒருத்தியாவது வேண்டும்.

மீதி அத்தியாயங்களும் இதோடு வருகின்றன. ஆழியனைக் காட்டிக்கொடுப்பவன் நண்பன்தான். பெயர் துரையன். இடது காது மடல் பாதி இல்லாதவன். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வாயால் கேட்டதுதான். அப்பா வாய்க்கால் லஸ்கர், மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. சம்பா காய்ந்த அந்த வருஷம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஐந்து நாள் மேலே, ஐந்து நாள் நமக்கு. நம் முறை வந்ததும் மேலே நிலம் வைத்திருந்த இளையபெருமாள் ஷட்டரை இறக்கச் சொன்னார். அப்பா அதைத் தூக்கிவிட்டு, சுழற்றுகிற இரும்புக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தோப்புக்குள் பாழடைந்த மோட்டார் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டார். ஐந்து நாள் தாண்டினால் போதும். இடம் அம்மாவுக்கும் அப்பாவின் நண்பன் செல்லதுரைக்கும் மட்டும்தான் தெரியும். சாப்பாடு கொண்டுபோனதே செல்லதுரைதான். நான்காம் நாள் இளையபெருமாளின் ஆட்கள் வேறெங்கும் தேடாமல் நேரே கொட்டகைக்குப் போனார்கள். செல்லதுரை தோப்பிலிருந்து தலைதெறிக்க ஓடியதை ஊரே பார்த்தது. இரண்டு நாள் கழித்து அப்பா பாலத்துக்கு அடியில் கிடந்தார். கால் தவறி விழுந்தார் என்று போலீஸில் எழுதி முடித்தார்கள்.

இளையபெருமாள் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அவரை நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் செல்லதுரை அந்தப் பாதிக் காதோடு பேருந்து நிறுத்தத்தில் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறான். ஆறாம் வகுப்பில் ஒருநாள் அவன் கடை வாசலில் எச்சில் துப்பினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். செய்யாதவன் என்றால் சும்மா இருப்பானா?

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் துரையன் அத்தியாயத்தை வாசித்தேன். நாற்பது பேர் இருந்தார்கள். முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அன்புத் தம்பி,
பரிதி

சென்னை
20.8.2025

அன்புள்ள பரிதிக்கு,

இரண்டாவது கட்டு வந்து மூன்று நாள் ஃபிரிட்ஜ் மேல் பிரிக்காமல் கிடந்தது. அத்தான் எடுத்துக் கொடுத்தபோது வயிற்றை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பிறகு படித்தேன்.

துரையன் வேண்டாம் பரிதி. செல்லதுரை மாமா அப்படிச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? ஓடினார் என்பது ஆதாரமா? பயந்தவர்கள் எல்லாரும் ஓடத்தான் செய்வார்கள். அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பிள்ளை குட்டி கிடையாது. ஊரில் யாராவது ஏதாவது செய்துவிட்டால் நீதான் பொறுப்பு.

கதை என்று பார்த்தாலும் அது நன்றாக இல்லை. நண்பனே துரோகி என்பது எல்லாக் கதையிலும் வருவதுதான். காவலனை யாருமே காட்டிக்கொடுக்காமல், தேடி வந்தவர்களே கண்டுபிடித்ததாக எழுதிவிடேன். மூன்றாம் பாகத்தில் துரையனை உவர்ப்படை முன்னால் கட்டிவைக்கப் போவதாகக் குறிப்பு போட்டிருக்கிறாய். அதையும் எழுதாதே.

நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அக்கா,
செம்மொழி

வடகாலூர்
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

'மாமா' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அம்மா பார்த்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. நல்ல வேளை, கடிதம் என் கையில் கிடைத்தது.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்கு வந்திருந்த பையன்கள் சிலர் அந்த அத்தியாயத்தைப் போனில் படம் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். போன வாரம் வியாழக்கிழமை காலை செல்லதுரையின் கடைப் பலகையில் 'துரையன் டீக்கடை' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அவன் துணியை நனைத்து அழித்துக்கொண்டிருந்தபோது நாலு பேர் போய் ஏதோ கேட்டிருக்கிறார்கள். வாக்குவாதத்தில் பாய்லர் சாய்ந்து கொதிக்கிற தண்ணீர் அவன் கையில் கொட்டிவிட்டது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுக்கையில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். கடை மூடிக் கிடக்கிறது.

நான் அவர்களைப் போகச் சொல்லவில்லை அக்கா. செய்தி கேட்டதும் முதலில் ஒரு மாதிரி திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்துவிட்டது. நான் எழுதிய ஒரு பெயர் பெயின்ட்டாகி, கொதிநீராகி ஒரு மனிதன் மேல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை இப்போது வேறு மாதிரி பார்க்கிறார்கள். "சூப்பர் சார்" என்கிறார்கள்.

ஆனாலும் மாற்ற மாட்டேன். செய்தவன் அவன்தானே. நவம்பர் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது.

பரிதி

சென்னை
21.9.2025

பரிதி,

அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து இதைப் படி.

அப்பா இருந்த இடத்தைச் செல்லதுரை மாமா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு அரைமணி நேரம் சமையலறையில் நின்றேன். இனி நிறுத்தாமல் எழுதிவிட வேண்டும்.

அப்பா ஒளியப் போன இரண்டாம் நாள் நான் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன். தூக்குச்சட்டியோடு அந்த வழியாக வந்த மாமா மனசு கேட்காமல் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். "அம்மாட்ட சொல்லிடாத பாப்பா, என்னைத் திட்டும்" என்றார். கொட்டகையில் அப்பா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அந்த இரும்புக் கைப்பிடியை என் கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அங்கே போனது அம்மாவுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

நான்காம் நாள் மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். மோட்டார் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

"ரெத்தினம் பொண்ணுதானே நீ?" என்றார் ஒருவர்.

"ஆமாங்க."

"அப்பாவுக்கு வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்திருக்கு பாப்பா. இன்னிக்கே கையெழுத்து போடணும். போடலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியுமா?"

வேலை நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று அப்பா எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அம்மாவைக் கேட்டுப் பார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தெரியும். நான் வந்து காட்டறேன்" என்றேன்.

அவர்கள் இடத்தைத்தான் கேட்டார்கள் பரிதி. கூட வருகிறேன் என்று சொன்னது நான். என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. டேங்கின் மேல் முன்னால் உட்காரவைத்தார்கள். அதற்கு முன் நான் பைக்கில் போனதே இல்லை. காற்று முகத்தில் அடித்தது. சிரித்துக்கொண்டே போனேன்.

தோப்பு முனையில் இறக்கிவிட்டு, "நீ வீட்டுக்கு ஓடு, அப்பாவ நாங்க கூட்டிட்டு வரோம்" என்றார்கள். வேறு இரண்டு பேர் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார்கள். அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். வழியில் மாமா சைக்கிளோடு நின்றார். நான் பைக்கில் போனதைப் பார்த்திருக்கிறார். "யாரு பாப்பா அவங்க?" என்றார். சொன்னேன். சைக்கிளைப் போட்டுவிட்டுத் தோப்புக்குள் ஓடினார்.

அப்பாவைத் தூக்கிவந்த அன்று அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "காட்டிக்கொடுத்தது யாரா இருந்தாலும் அவங்க வம்சம் விளங்காது" என்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அம்மா வாயில் செல்லதுரை மாமா பெயர் வந்தபோது, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் பெரிய பெண்ணான பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அமுதினிக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாபம்தான் காதில் கேட்கிறது.

போன வாரம் யாரோ வாசலில் வந்து அமுதினியிடம், "அப்பா எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் வேலை செய்கிற இடம், எத்தனாவது மாடி, திரும்பி வருகிற நேரம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வந்தது இன்சூரன்ஸ் ஆள்தான். நான் அவளை அடித்துவிட்டேன். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. "கேட்டாங்க, சொன்னேம்மா" என்று அழுதாள். அவளுக்கு எட்டு வயது.

மறுநாள்தான் பாய்லர் செய்தியோடு உன் கடிதம் வந்தது.

நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடு. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

செம்மொழி

சென்னை
22.10.2025

பரிதி,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தீபாவளிக்குக்கூட நீ போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவிடம் கேட்டேன். "எங்கேயோ போறான், வரான், சோத்தை அளைஞ்சுட்டு எழுந்திருச்சிடறான்" என்றாள். அம்மா குரலில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டுக்கேட்டு எனக்குக் காதே வலிக்கிறது. வாசலில் தபால்காரர் வந்தாலே உள்ளே போய்விடுகிறேன். வராவிட்டால் படியிலேயே நிற்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

செம்மொழி

வடகாலூர்
29.10.2025

அக்கா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வைத்துப் படித்தேன். அதன் பிறகு பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு செல்லதுரை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் பின்னால் நகர்ந்தார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த நகர்வை என்னால் மறக்க முடியவில்லை.

"உட்காரு தம்பி. கையால ஒண்ணும் போட முடியல, இல்லேன்னா டீ தருவேன்" என்றார்.

அக்கா எழுதிவிட்டாள் என்று சொன்னேன். வெந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளைய அங்க கூட்டிட்டுப் போனது யாரு? நான். நான் கூட்டிட்டுப் போகலேன்னா அதுக்கு எடம் எப்படித் தெரியும்? அப்ப காட்டிக்கொடுத்தது நாந்தானே. ஊரு சொன்னது ஒண்ணும் பொய்யில்ல."

"நடந்தத அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்கம்மா அன்னிக்கு இருந்த இருப்புல, அந்தப் பிள்ளைன்னு தெரிஞ்சா என்ன பண்ணியிருக்கும்னு நெனைக்கிற? வாய்க்கால் பக்கத்துலதான் இருந்துச்சு, எறங்கியிருக்கும்."

பிறகு நான் கேட்காததையும் சொன்னார். அவர் தோப்புக்குள் ஓடியபோது அப்பாவுக்கு உயிர் இருந்திருக்கிறது. நாலு பேர் நின்றார்களாம். அப்பா இவரைப் பார்த்தாராம். "நான் திரும்பி ஓடியாந்துட்டேன் தம்பி. பயம். அதுக்குத்தான் நீ துப்புனப்பக்கூட நான் ஒண்ணும் சொல்லல."

நூலகத்தில் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு நான் எழுதியது தப்பு, செல்லதுரை சொல்லவில்லை என்றேன். "பயந்துட்டீங்களா சார்?" என்றான் ஒருவன். அவர்களை நம்பவைக்க என்னால் முடியவில்லை. உன் பெயரைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். சொல்லவில்லை.

உன்னை வெறுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். பைக்கில் ஏறிப்போன பிள்ளை மேல் எனக்குக் கோபம் கிடையாது. நினைத்தால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் எச்சில் துப்பிய வருஷம் நீ பிளஸ் ஒன் படித்தாய். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். நீ நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்தச் செம்மொழி மேல் கோபம் இருக்கிறது. அது எப்போது போகும் என்று தெரியவில்லை. பொய்யாக எழுத விரும்பவில்லை.

பதிப்பாளரிடம் இரண்டு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். துரையன் பெயரும் காதும் போயாயிற்று. ஆனால் யாருமே சொல்லாமல் ஐந்தாம் மதகு விழுவதாக என்னால் எழுத முடியாது, இப்போது தெரிந்துவிட்டதால். செம்பியை வாய் திறக்க வைக்கலாமா? நீ வேண்டாம் என்றால் அந்த மதகு விழும் பகுதியையே விட்டுவிடுகிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நீ செய்ய வேண்டியது. எட்டாம் தேதி நான் சென்னை வந்து உங்கள் வீட்டில் தங்கி அச்சு வேலையைப் பார்க்கிறேன். அந்த நாட்களில் நீ இங்கே வா. நான் பக்கத்தில் இருந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்.

பரிதி

வடகாலூர்
13.11.2025

அன்புள்ள பரிதிக்கு,

நீ என் வீட்டில் இருக்கிறாய், நான் உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேச முடியாது, அம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அமுதினி கொல்லையில் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.

திருவாரூரில் இறங்கியதிலிருந்து திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து உனக்கு எழுதியதை எல்லாம் அப்படியே சொன்னேன். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனது, பைக், நிரந்தர வேலை. அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா கைப்பிடியக் குடுத்தாரா உங்கிட்ட? சிரிச்சாரா?"

"சிரிச்சாரும்மா."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. அமுதினிக்குச் சோறு போட்டாள், எனக்கும் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு உயிரே இல்லை. அம்மாவைக் கொல்லைப் பக்கம் தனியாக விடப் பயந்து பின்னாலேயே சுற்றினேன்.

நேற்றுக் காலை அம்மா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, பின்னால் நடந்தேன். செல்லதுரை மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் பதறிப்போய் வெந்த கையோடு எழுந்தார். அம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

"அண்ணே, மருந்து யாரு போட்டுவிடறா?" என்றாள்.

"நானேதாம்மா."

"கொண்டாங்க."

அவ்வளவுதான் பேசினார்கள். அம்மா மருந்து போட்டாள். நான் படியில் நின்றேன். மாமா என்னைப் பார்த்து, "பாப்பா எப்ப வந்துச்சு?" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுது. செம்பி சொல்லட்டும். ஆனால் அவளை வீராங்கனையாக ஆக்காதே, பாவியாகவும் ஆக்காதே. சந்தோஷத்தில் சொன்னாள் என்று எழுது. மூன்றாம் பாகத்தில் அவளை என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அச்சான பிறகு படித்துக்கொள்கிறேன்.

உன் கோபம் இருக்கட்டும். அது போகிறவரை நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். நீ பதில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

திரும்பி வரும் வழியில், பாலத்தைத் தாண்டும்போது அம்மா பேசினாள்.

"ஏண்டி அப்பவே எங்கிட்ட சொல்லல? அடிப்பேன்னு பயந்தியா?"

"ஆமாம்மா."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். பிறகு சொன்னாள்: "அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு ரெண்டு பேரும் அழுதிருப்போம். அதோட போயிருக்கும்."

உன் அக்கா,
செம்மொழி